4:30 அலாரம் 5:43-க்கு அடித்தது ஏன்? வீட்டு இணைய ரேடியோ ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வீட்டுக்குள் கெட்டிமேளம் முழங்கியது. கண்ணைத் திறந்தால் ஜன்னல் நன்றாக வெளுத்திருந்தது. அங்கேயே வயிற்றைக் கலக்கிவிட்டது. அலாரம் வைத்திருந்தது 4:30-க்கு. எந்த மாசத்திலும் ஓசூரில் 4:30-க்கு விடியாது. சுவர்க் கடிகாரம் 5:43 காட்டியது. முதல் ஷிஃப்டுக்கான கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையை 5:20-க்குத் தாண்டிவிடும். அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே, "ஏலே, இன்னைக்கு லீவா?" என்று கேட்டார்.

அரை நாள் சம்பளம் போனது. அதைவிட எரிச்சல் தந்தது, சாயங்காலம் வந்து, ரேடியோ தன் வேலைகளை நேரத்தோடு குறித்து வைக்கும் லாக் கோப்பைத் திறந்தபோது கண்ணில் பட்ட வரி: 04:30:00, அலாரம் தொடங்கியது. ஒரு நொடிகூடப் பிசகவில்லை. ரேடியோவைக் கேட்டால் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டதாகத்தான் சொல்கிறது.

ஜனவரியில் ஆரம்பித்து, இது நடந்த மே மாசம் வரை இந்த ரேடியோ எத்தனை விதமாகக் காலை வாரியது, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒரு பஸ்ஸாவது மிஞ்சட்டும்.

எதற்கு இந்த வேலை

ஃபோனில் அலாரம் வைத்தால் போதாதா என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள். என் கட்டைவிரல் தூக்கத்திலேயே அதை அணைத்துவிடும். அணைக்காத நாளில் ஃபோன் கைக்கு வந்துவிடும், கைக்கு வந்தால் இருபது நிமிஷம் காலி. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் அப்பா. திருநெல்வேலியை விட்டு எங்களோடு ஓசூருக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே குறை, காலையில் திருநெல்வேலி ஆகாசவாணி கேட்க முடிவதில்லை. மத்திய அலைவரிசை பகலில் அவ்வளவு தூரம் எட்டாது. இருட்டியபின் சில நாள் லேசாக வரும். ஆனால் எல்இடி பல்பும் இன்வெர்ட்டரும் சேர்ந்து போடுகிற இரைச்சலில் அதைக் கேட்பதற்குக் காதைக் கழற்றித்தான் பக்கத்தில் வைக்க வேண்டும். அதே நிலையம் பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் வழியே இணையத்தில் துல்லியமாக வருகிறது. அப்பாவுக்கு வேண்டியது காலை ஒலிபரப்பு, எனக்கு வேண்டியது 4:30. ஒரே பெட்டியில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று தோன்றியது.

கடையில் விற்கும் இணைய ரேடியோ வாங்காததற்கும் காரணம் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை நிலையங்களின் பட்டியலை ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரிலிருந்துதான் வாங்குகின்றன. அந்த சர்வர் மூடினால் பெட்டி பாதி செத்தது. ரெசிவா என்ற பட்டியல் சேவை 2021-இல் மூடப்பட்டபோது அதை நம்பியிருந்த பல பிராண்டு ரேடியோக்கள் தவித்தன. ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற இணையப் பாட்டுக் கருவிகளுக்கான லாஜிடெக் சர்வர் 2024-இல் நின்றது. 2015-இல் பிபிசி தன் பழைய விண்டோஸ் மீடியா ஸ்ட்ரீமை (இணைய ஒலிபரப்பை) நிறுத்தியதும் நன்றாக இருந்த பழைய பெட்டிகள் ஊமையாயின. பொருள் என் மேசையில், அதன் உயிர் வேறு யாரோ ஒருவர் கையில் என்பது அலாரத்துக்கு ஒத்துவராது. (வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கடைக்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: நெட் இல்லாத காலையில் இது பீப் ஒலியாவது எழுப்புமா, கரண்ட் போனால் நேரத்தை மறக்குமா?)

எனவே அலமாரியில் சும்மா கிடந்த ராஸ்பெரி பை 3 என்ற கையளவுக் கம்ப்யூட்டர் போர்டை எடுத்தேன். பாட்டு ஓட்டுவதற்கு எம்பிடி என்ற ப்ளேயர், நேரத்துக்கு அதைத் தட்டி எழுப்ப லினக்ஸோடு வரும் க்ரான். 4:30-க்கு இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் ஒரு தனியார் ஸ்ட்ரீம் எனக்கு, 6:00-க்கு ஆகாசவாணி அப்பாவுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் முடிந்துவிட்ட வேலை. அடித்துப் பார்த்தேன், அடித்தது. அலாரம் ரெடி என்று வீட்டில் அறிவித்தும் விட்டேன்.

சின்னச் சின்ன சறுக்கல்கள்

திங்கட்கிழமை அடிக்கவில்லை. பத்து மணிக்கு, வீட்டில் யாரும் இல்லாதபோது அடித்திருக்கிறது. பை-யின் எஸ்டி கார்டில் ஏற்றிய மென்பொருள் வரும்போதே லண்டன் நேரத்தில்தான் வரும். ஜனவரியில் அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். கொல்கத்தா நேரத்துக்கு (இந்திய நேரத்துக்கு அதில் அந்தப் பெயர்தான்) மாற்றினேன். செவ்வாயும் அடிக்கவில்லை, ஏனென்றால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் க்ரானுக்கு ஊர் மாறிய சேதி தெரியாது. அதையும் ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும், அல்லது பெட்டியையே ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

அடுத்தது ஸ்பீக்கர். முதலில் ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்திருந்தேன். பத்து இருபது நிமிஷம் சத்தம் இல்லையென்றால் அது தானாகவே அணைந்துவிடும் ஜாதி. ராத்திரி முழுக்க அமைதி, காலையில் அலாரம் அடிக்கும்போது கேட்க யார் விழித்திருக்கிறார்கள்? பழைய கம்ப்யூட்டரின் ஒயர் ஸ்பீக்கர் ஜோடியைத் தூசி தட்டி எடுத்தேன். அதில் ஒலியளவுக் குமிழும் சுவிட்சும் ஒன்றேதான். குமிழைச் சரியான இடத்தில் வைத்து இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் எல்லாம் சரியாக ஓடியும் சத்தம் மட்டும் இல்லை. முந்தைய இரவு பாப்பா தூங்குகிறாள் என்று மனைவி எம்பிடியில் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோயிருந்தாள். இப்போது அலாரத்தை ஓட்ட நான் எழுதிய ஸ்கிரிப்ட் செய்யும் முதல் காரியமே வால்யூமைத் தானே ஏற்றிக்கொள்வது. வைஃபையில் இருந்ததை லேன் கேபிளுக்கு மாற்றினேன். பை-யின் வைஃபை மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அடிக்கடி உறங்கப் போகும். அதை நிறுத்தி வைக்கலாம், ஆனால் கேபிள் போட்டால் அந்தக் கவலையே இல்லை.

ராத்திரி பாடியது, காலையில் பாடவில்லை

இந்த வகைதான் என்னை நன்றாக ஏமாற்றியது. பிரவுசரில் ஒரு நிலையத்தைத் திறந்து, அது எந்த முகவரியிலிருந்து ஒலியை எடுக்கிறது என்று பார்த்து, அந்த நீளமான லிங்கைக் காப்பி செய்து எம்பிடியில் போட்டிருந்தேன். படுக்கும் முன் சோதித்தேன், பாடியது. காலையில் பிழைச் செய்தி. லிங்கின் வாலில் கேள்விக்குறிக்குப் பிறகு இருந்த எழுத்துக் குவியல்தான் காரணம். அது கொஞ்ச நேரத்துக்கு மட்டும் செல்லும் ஒரு டோக்கன். சினிமா டிக்கெட் மாதிரி அந்தக் காட்சிக்கு மட்டும். வால் இல்லாத நிலையான முகவரி இருக்கும் நிலையத்துக்கு மாறினேன்.

அது இன்னும் நுணுக்கமாகக் காலை வாரியது. ஒரு நாள் காலை எம்பிடி "பாடிக்கொண்டிருக்கிறேன்" என்று காட்டுகிறது, நொடிகள் ஓடுகின்றன, டேட்டா வந்துகொண்டே இருக்கிறது. ஸ்பீக்கரில் காதை வைத்தால் மயான அமைதி. நிலையத்தில் ஏதோ நின்றுபோய், சர்வர் மட்டும் வெற்று ஒலியை ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. இணைப்பு இருக்கிறதா, டேட்டா வருகிறதா என்று எத்தனை சோதனை வைத்தாலும் இதைப் பிடிக்க முடியாது. ஒலி இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியில் ஒலியளவைச் சொல்லும் ஃபில்டர் ஒன்று உண்டு. பத்து நொடி ஸ்ட்ரீமை அதில் ஊற்றினால் சராசரி ஒலியளவை டெசிபெலில் சொல்லும். பேச்சோ பாட்டோ என்றால் பொதுவாக மைனஸ் பத்துக்கும் மைனஸ் முப்பதுக்கும் நடுவே எங்காவது நிற்கும். முழு அமைதி என்றால் மைனஸ் 91. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் ரேடியோ பொய் சொல்வதை என்னால் நிரூபிக்க முடிந்தது.

ஸ்ட்ரீம் கிடைக்காத நாளுக்கு மருந்தாக ஒரு பாட்டைக் கார்டிலேயே வைத்தேன். எம்பிடியின் வரிசையில் முதலில் ஸ்ட்ரீம், அதற்குப் பின்னால் உள்ளூர்க் கோப்பு. முன்னது கிடைக்காவிட்டால் பின்னதற்குத் தாவும். கோப்புக்கு எங்கள் கல்யாணத்தில் ஃபோனில் பதிவான நாதஸ்வரம். தாலி கட்டும் நேரத்தில் தொடங்குவதால் எடுத்த எடுப்பிலேயே கெட்டிமேளம். நடுவில் யாரோ, "சாம்பார் வாளி எங்கப்பா?" என்று கத்துவது தெளிவாகக் கேட்கும். தூக்கத்தைக் கலைக்க அதைவிட நல்ல சரக்கு இல்லை. மூன்று மாசம் நிம்மதியாகப் போனது.

மே மாச ராத்திரி

இப்போது அந்த 5:43-க்கு வருவோம்.

முந்தைய இரவு இடியும் மழையும். கரண்ட் போனது 2:40 வாக்கில். 3:30-க்கு வந்தது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். மோட்டார் போட எழுந்தவர். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் வயரிங்காரர் ஃபேனையும் லைட்டையும் மட்டும்தான் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருக்கிறார். ரேடியோ செருகியிருந்த ப்ளக் பாயின்ட் அதில் இல்லை. ஃபேன் நிற்காததால் யாரும் எழவும் இல்லை.

லாக்கை மேலே நகர்த்திப் பார்த்தேன். பெட்டி மீண்டும் எழுந்த வரியில் நேரம் 2:17 என்று இருந்தது. 3:30-க்கு எழுந்தது ஏன் 2:17 என்கிறது? இன்னும் கீழே போனால் ஒரு வரி 4:57, அதற்கு அடுத்த வரி 6:10. நடுவில் ஒன்றேகால் மணி நேரத்தைக் காணோம்.

பை 3-இல் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. நம் கம்ப்யூட்டர்களின் மதர்போர்டில் காசு வடிவ பேட்டரி ஒன்று இருக்குமே, அது இதில் இல்லை. (பை 5-இல் கடிகாரம் உண்டு, பேட்டரியை நாம் தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.) மின்சாரம் போனால் நேரமும் போயிற்று. இதைச் சமாளிக்க, பெயரிலேயே போலி என்று ஒப்புக்கொள்ளும் ஃபேக்-எச்டபிள்யூக்ளாக் என்ற சின்ன நிரல் மணிக்கு ஒருமுறை அப்போதைய நேரத்தை ஒரு கோப்பில் குறித்து வைக்கிறது. மறுபடி எழும்போது அதையே நேரமாக வைத்துக்கொள்கிறது. அந்த மணிக்கொருமுறை வேலை ஓடுவது மணி ஆனதும் அல்ல, ஒவ்வொரு மணியிலும் பதினேழாவது நிமிஷத்தில். க்ரானின் பொது அட்டவணையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. 2:17-க்குக் குறித்தது, 2:40-க்குச் செத்தது, 3:30-க்கு எழுந்து, இப்போது மணி 2:17 என்று நம்பிக்கொண்டு வேலையைத் தொடங்கியது. ஒரு மணி 13 நிமிஷம் பின்னால். 4:30-ஓடு அதைக் கூட்டுங்கள், 5:43.

சாதாரணமாக இந்தப் போலி நேரம் சில நொடிகள்தான் உயிரோடு இருக்கும். இணையம் கிடைத்தவுடன் என்டிபி என்ற நேரச் சேவை வழியே சரியான நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அன்று தெருவில் இருந்த ஃபைபர் பெட்டியும் கரண்டோடு சேர்ந்து விழுந்திருந்தது. ரௌட்டர் எரிகிறது, லேன் விளக்கு மினுக்குகிறது, வெளியுலகம் மட்டும் இல்லை. 6:10-க்கு நெட் வந்ததும் கடிகாரம் ஒரே தாவலில் சரியாயிற்று. இதில் ஒரு வேடிக்கை. மூன்று மணி நேரத்துக்கு உட்பட்ட தாவல் என்றால், இடையில் விட்டுப்போன வேலைகளை க்ரான் உடனே ஓட்டிவிடும். தாவலுக்குள் அப்பாவின் ஆறு மணி ஆகாசவாணி சிக்கியிருந்தது. நான் ரோட்டில் ஆட்டோவுக்கு நின்றிருந்த நேரத்தில் வீட்டில் ரேடியோ தானாகப் பாட ஆரம்பித்து, "பத்து நிமிஷம் லேட்டு, அவ்வளவுதான்" என்று அப்பா அதற்கு நற்சான்றும் கொடுத்திருக்கிறார்.

ஆக, நெட் போனால் என்ன ஆகும் என்று யோசித்திருந்தேன். கரண்ட் போனால் என்ன ஆகும் என்றும் யோசித்திருந்தேன். இரண்டும் ஒரே இடியில் போகும் என்பதை யோசிக்கவில்லை. நெட்டை ஒலிக்கு மட்டும்தான் நம்பியிருப்பதாக நினைத்திருந்தேன். உண்மையில் மணி என்ன என்பதற்கும் அதையேதான் நம்பியிருந்தேன்.

சரிசெய்தது

முதல் வேலையாக டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றை வாங்கி பை-யின் பின்களில் மாட்டினேன். வெப்பநிலை ஏறி இறங்கினாலும் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் சில்லு. பத்து லட்சத்துக்கு இரண்டு பங்கு பிசகு, அதாவது ஒரு வருஷத்துக்கு ஏறத்தாழ ஒரு நிமிஷம். பை-யின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, போலிக் கடிகார நிரலை நீக்கிவிட்டால் முடிந்தது.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைகளில் அதிகம் கிடைக்கும் நீல நிற மாட்யூலில் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஒரு சர்க்யூட் இருக்கும். அது ரீசார்ஜ் ஆகும் எல்ஐஆர்2032-க்காக வைத்தது. நாம் சாதாரண சிஆர்2032 போட்டால் சார்ஜ் ஆகக் கூடாத பேட்டரிக்குள் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உப்பும், ஒழுகும், அதற்கு மேலும் ஆகலாம். அந்தப் பாதையில் இருக்கும் சின்ன டயோடையோ ரெசிஸ்டரையோ சால்டரிங் அயர்னால் எடுத்துவிட வேண்டும். உளுந்தில் பாதி அளவுகூட இல்லை. ஊதினால் பறந்துவிடும், பறந்தால் தேட வேண்டாம், எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது.

கரண்ட் அடிக்கடி போகிற வீட்டில் எஸ்டி கார்டு கெட்டுப்போகும் என்று அதை எழுத முடியாதபடி பூட்டுகிறவர்கள் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் பூட்டிய கார்டில் போலிக் கடிகாரத்தால் நேரத்தைக் குறிக்கவே முடியாது. ஒவ்வொரு முறை எழும்போதும் பூட்டிய நாளிலேயே விழிக்கும். அவர்களுக்குக் கடிகார மாட்யூல் இல்லாமல் ஆகாது. நானும் மாட்யூல் வந்த பிறகுதான் பூட்டினேன்.

அடுத்து வரிசையைத் தலைகீழாக்கினேன். இப்போது 4:30-க்கு முதலில் அடிப்பது கார்டில் இருக்கும் நாதஸ்வரம். அது முழங்கும்போதே பின்னால் ஸ்கிரிப்ட் ஸ்ட்ரீமைத் தொட்டுப் பார்த்து, பத்து நொடி ஒலியை அளந்து, சரி என்றால்தான் ரேடியோவுக்கு மாறும். இல்லையென்றால் கல்யாணம் தொடரும். எழுப்புகிற வேலை இணையத்துடையது அல்ல, எழுந்தபின் துணைக்குப் பாடுவது மட்டும்தான் அதனுடையது என்று பிரித்துவிட்டேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

நிறுத்துவதற்கு ஒரு பட்டன், அதுவும் ஹாலில், கட்டிலிலிருந்து கை எட்டாத தூரத்தில். ஏழு நிமிஷத்துக்குள் யாரும் அதை அமுக்காவிட்டால் பெட்டியில் ஒட்டியிருக்கும் சின்ன பஸ்ஸர் கத்தும். அதற்கு எம்பிடியும் வேண்டாம், ஸ்பீக்கரும் வேண்டாம். ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வந்ததா என்று பை-க்குத் தெரிய வழியில்லை. ஆள் எழுந்தானா என்பதை பட்டன் சொல்லிவிடும்.

இரவு 9:45-க்கு ஒரு ஒத்திகை. நேரம் சரியா, ஸ்ட்ரீமில் ஒலி இருக்கிறதா, கோப்பு இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஏதாவது பிசகினால் பாப்பாவின் குரலில் பதிந்துவைத்த, "அப்பா, ரேடியோ சரியில்ல, ஃபோன்ல வை" ஒலிக்கும். காலையில் தெரிந்து என்ன பயன்? ராத்திரியே தெரிந்தால் ஏதாவது செய்யலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ப்ளக் பாயின்ட்டையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன். அப்போதும் கரண்ட் மாறும் கணத்தில் பை ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனது. இன்வெர்ட்டரின் பின்பக்கம் இருந்த சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளியதும் அது நின்றது.

சோதனையை ஞாயிறு மத்தியானங்களில் செய்தேன். அலாரத்தை ஐந்து நிமிஷம் தள்ளி வைத்து, ரௌட்டர் ப்ளக்கைப் பிடுங்கினேன். பை-யின் ப்ளக்கைப் பிடுங்கிச் செருகினேன். இரண்டையும் சேர்த்துப் பிடுங்கினேன். கஷ்டமானது, ரௌட்டரை எரியவிட்டு ஃபைபரை மட்டும் கழற்றுவது. முழுசாக அறுந்த இணைப்பு உடனே இல்லை என்று சொல்லிவிடும். இப்படிப் பாதி அறுந்தால், நிலையத்தின் பெயரை முகவரியாக மாற்றுவதற்கே காத்திருந்து காத்திருந்து நேரம் போகும். பழைய வரிசையில் இந்த நிலையில் அமைதிதான் நீண்டுகொண்டே போனது. புதிய வரிசையில் கெட்டிமேளம் அடித்த பிறகுதான் இந்தக் காத்திருப்பே தொடங்குகிறது.

இத்தனைக்குப் பிறகும் அலமாரி மேல் ஒரு டைம்பீஸ் இருக்கிறது. ஒற்றை பென்சில் செல், 4:45-க்கு வைத்தது. அதைப் பார்த்து நண்பர் ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும். பை தொங்கிவிட்டால் தானாக ரீஸ்டார்ட் ஆக வாட்ச்டாக் போட்டிருக்கிறேன். ஆனால் பை-யைக் கண்காணிப்பது அதே பை என்பதில் எனக்கு முழு நிம்மதி இல்லை. அந்த மே மாசத்துக்குப் பிறகு டைம்பீஸைத்தான் தினமும் நடந்துபோய் அணைக்கிறேன், ஏற்கெனவே எழுந்து பல் விளக்கிக்கொண்டே.

மிச்சம் இருக்கும் ஒரே பிசகு அப்பாவுடையது. ஸ்ட்ரீமைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புவார்கள், ப்ளேயர் சில துண்டுகள் சேர்ந்த பிறகே பாடத் தொடங்கும். அதனால் இணையத்தில் கேட்கும் ஆகாசவாணி, காற்றில் வருவதைவிட அரை நிமிஷம் போல பின்தங்கியிருக்கும். 7:15 டெல்லிச் செய்தியை வைத்துக் கடிகாரம் திருத்திய தலைமுறை அவர். இப்போதும் ஸ்டூல் போட்டு ஏறி, செய்தி ஆரம்பிக்கும் கணத்தில் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைச் சரிசெய்கிறார். டிஎஸ்3231 காட்டும் நேரத்துக்கும் அதற்கும் அரை நிமிஷம் இடிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "ரேடியோக்காரனே சொல்லுதான், ஒன் பெட்டிக்கு என்னலே தெரியும்?" என்றார். பஸ் 5:20-க்கு வருகிறது, சுவர்க் கடிகாரத்தில் அதற்கு இன்னும் அரை நிமிஷம் பாக்கி இருக்கும். நான் ஃபோனைப் பார்த்துக் கிளம்பிவிடுகிறேன்.